விட்டுப்போன வாசல்

நேர்ந்துகொண்டவள் அக்குர்சியா. தெருவில் இறங்கி யாசிக்க வேண்டியவன் சாவேரியோ.

போன நவம்பரில் குழந்தை தினாவுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. மூச்சு விசிலடிக்க ஆரம்பித்த அன்று, அக்குர்சியா அடுப்படியில் மாட்டியிருந்த சூசையப்பர் படத்துக்கு முன் மண்டியிட்டுப் பேரம் பேசி முடித்துவிட்டாள். பிள்ளை பிழைத்தால் அவர் திருநாளான மார்ச் பத்தொன்பதாம் தேதி அவருக்கு விருந்து மேசை. பிள்ளையின் தகப்பன் வெறுங்காலோடு தெரு முழுக்க வாசல் வாசலாக நின்று மாவு வாங்கி வருவான். அந்த மாவில் ரொட்டி. யார் வந்தாலும் சாப்பாடு. பிள்ளையின் தகப்பனை அவள் கேட்கவில்லை. அவன் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

பிள்ளை பிழைத்தது.

அக்குர்சியா சாவேரியோவின் மனைவி வீத்தாவின் அக்கா. கல்யாணம் ஆகாதவள். கோட்டுகளுக்குக் காஜா எடுத்துப் பிழைப்பவள். வீத்தா நிமோனியாவில் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அடக்கம் முடிந்த மறுநாளே அக்குர்சியா தன் தையல் சாமான்களோடு மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாவேரியோ ஷூவையும் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு, தோளில் ஒரு துணிப்பையோடு பாலெர்மோ பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நிறைந்த எலிசபெத் தெருவில் இறங்கினான். கல் ஜில்லென்று இருந்தது. சலூன் வாசலில் நின்ற இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள்.

"என்ன டாக்டரே, கவர்மெண்ட்டுல சம்பளத்தை நிறுத்திட்டாங்களா?"

கல்லூரியில் படித்த எவனும் அந்தத் தெருவில் டாக்டர்தான்.

"சூசையப்பருக்கு," என்றான்.

உடனே இருவரும் தொப்பியை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவன் சொல்ல வேண்டியது அந்த ஒரு சொல்தான். ஒவ்வொரு மாடியாக ஏறினான். ஒரு பிடி மாவு, இரண்டு முட்டை, ஒரு வெங்காயம், மூன்று ஆரஞ்சு. மீன்காரர் மட்டும் கையை விரித்தார்.

"மத்தி வியாழக்கிழமை காலைலதான் தருவேன். இன்னைக்கே எடுத்துட்டுப் போனா சூசையப்பரே மூக்கைப் பொத்திக்குவாரு."

நாலாவது மாடிக் கிழவர் ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. போன வருடம் இதே கதவை அவன் தட்டியபோது, அவர் கதவு இடுக்கு வழியாகவே தனக்குக் காது கேட்காது என்று சொல்லி அனுப்பினவர்.

அவன் வேலை அப்படி. நீதிமன்றத்தில் நன்னடத்தை அதிகாரி. தண்டனை சொல்வதற்கு முன்னால் குற்றவாளி யார், எங்கே பிறந்தான், அப்பன் என்ன செய்தான், பள்ளியில் எப்படி இருந்தான் என்று நீதிபதிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் மேசைக்கு வரும் கோப்புகளில் பாதி இந்த ஆறேழு தெருக்காரர்களுடையவை. கூடப் பந்து விளையாடினவர்கள் சிலர். குறிப்பேட்டோடு போனால் தெருவில் யாருக்கும் காது கேட்காது, கண் தெரியாது, அந்தக் குடும்பத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. அதனால் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டையும் போலீஸ் தாளையும் கோயில் ஏட்டையும் பார்த்து எழுதிவிடுவான். சுத்தமான அறிக்கைகள் என்று மேலதிகாரி மெச்சுவார்.

இப்போது குறிப்பேட்டுக்குப் பதில் பை. எல்லாக் கதவும் திறந்தது.

ஒரு கதவை மட்டும் அவன் தட்டவில்லை. இருநூற்று முப்பத்தொன்றாம் எண் கட்டடத்தில் மேலே ஐந்து மாடியும் ஏறி இறங்கினான். தரைத்தளத்தில் நின்ஃபாவின் வீடு. கறுப்புச் சேலைபோல உடம்பைச் சுற்றிய சால்வையோடு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஏதோ கிண்ணம். அவன் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டான்.

நின்ஃபாவின் மகன் கஸ்பாரே. கோழிச் சந்தையில் யார் விற்கலாம், யார் விற்கக் கூடாது என்று சொல்பவர்களில் ஒருவன். மூன்று வருடத்துக்கு முன் பேச்சுக் கேட்காத ஒருவனின் லாரிக்குத் தீ வைத்தான். அந்த வழக்கில் பின்னணி அறிக்கை சாவேரியோ எழுதினது. இரண்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு அக்டோபரில் வெளியே வந்திருந்தான். எதிரில் பார்த்தால் சாம்பல் நிறத் தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொடுவான். அது மரியாதையா வேறெதுவுமா என்று சாவேரியோவுக்குப் புரிந்ததில்லை. அந்த வாசலில் வெறுங்காலோடு போய் நிற்க அவனால் முடியவில்லை. அறுபத்திரண்டு வாசலில் ஒன்று. யார் கணக்கு வைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

செவ்வாய்க்கிழமை அவன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. சமையலறையில் மாவு வாசனை. பெரிய மரத்தொட்டியில் அக்குர்சியா முழங்கை வரை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். தச்சரான சூசையப்பரின் தாடி, ஏணி, சுத்தியல், ரம்பம் என்று ரொட்டியிலேயே செய்ய வேண்டும். ஏழு மணிக்கு ரொட்டிக் கடைக்காரர் அடுப்பை அவளுக்கு ஒழித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு வெனேரா மேசை ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவள் வாய் கையைவிட வேகமாக வேலை செய்யும். மேசைக்கு அடியில் தினா ஒரு முட்டைக்குத் துணி கட்டித் தாலாட்டிக்கொண்டிருந்தாள்.

"பாவம் நின்ஃபா," என்றாள் வெனேரா. "ஜன்னல்லயே உக்காந்து இடுப்பு பிடிச்சிடுச்சாம்."

"எதுக்கு ஜன்னல்ல உக்காந்தா?"

"வேற எதுக்கு? உங்க ஆளுக்கு மாவு குடுக்க. சனிக்கிழமையிலேர்ந்து மடியில கிண்ணம். வருவான் வருவான்னு."

அக்குர்சியாவின் கை நின்றது. இரண்டு கையையும் மாவிலிருந்து உருவி, அறுவை சிகிச்சை மருத்துவர்போல மேலே தூக்கிக்கொண்டாள்.

"சாவேரியோ. இருநூத்து முப்பத்தொண்ணுக்குப் போனியா?"

"போனேன்."

"எல்லா மாடிக்கும்?"

"மேல எல்லாத்துக்கும்."

"கீழ?"

அவன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். வெனேரா சீவுவதை நிறுத்திவிட்டாள். இப்படி ஒரு காட்சி கிடைக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஒரு வாசலை விட்டா அது யாசகமே இல்ல," என்றாள் அக்குர்சியா. "உன் வீட்டு மாவு தீட்டுன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொல்றது அது. தெருவே பாத்திருக்கு. சூசையப்பரும் பாத்திருக்காரு."

"அவ பையன் யாருன்னு தெரியும்ல?"

"பையன்கிட்டயா கேக்கச் சொன்னேன்? மாவு அம்மாகிட்ட இருக்கு."

"ஒரே ஒரு வீடு, அக்கா."

"நமக்கும் ஒரே ஒரு பிள்ளைதான்."

தூக்கிய கைகளை அவள் தாழ்த்தவே இல்லை. சாவேரியோ சூசையப்பரை நம்பவில்லை. யாரையும் நம்பவில்லை. ஆனால் அக்குர்சியா நம்பினாள். நேர்ச்சை பாக்கி நின்றால், கொடுத்ததை அவர் திரும்பக் கேட்பார் என்று நினைத்தாள். இனி ஒவ்வொரு குளிர்காலமும் பிள்ளை இருமும்போதெல்லாம் அந்தக் கிண்ணம் அவள் கண்ணுக்கு முன்னால் நிற்கும். அது அவனுக்குத் தெரிந்தது.

"ஆறு மணி வரைக்கும் மாவு தாங்கும்," என்றாள். "அதுக்கு மேல பொங்கி வடிஞ்சிடும். அப்புறம் ரொட்டியும் இல்ல, மேசையும் இல்ல."

அவன் குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தான்.

கதவைத் திறந்தது கஸ்பாரே. பனியன், தோள் வார், கழுத்தில் கைத்துண்டு. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான். சாவேரியோவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். காலில் அவன் பார்வை கொஞ்ச நேரம் நின்றது.

"அம்மா, யாரு வந்திருக்கா பாருங்க. டாக்டரு. வழியில யாரோ ஷூவை அடிச்சிட்டாங்க போல. சத்தியமா நான் இல்ல."

"உள்ள விடு."

நின்ஃபா மேசையருகே உட்கார்ந்திருந்தாள். கிண்ணம் மேசையில், மேலே வெள்ளைத் துணி மூடி.

"சூசையப்பருக்கு," என்றான் சாவேரியோ.

"அவரு எங்கயும் போயிடல. உக்காரு."

"யாசிக்கிறவன் உக்காரக் கூடாது, தோன்னா நின்ஃபா," என்றான் மரியாதையோடு.

"அப்ப நில்லு. நின்னுகிட்டே பதில் சொல்லு. என் புருஷன் என்னை அம்போன்னு விட்டுட்டு ஓடிட்டான்னு எழுதினது நீதானே?"

கஸ்பாரே மெல்லுவதை நிறுத்தினான்.

சாவேரியோவுக்கு அந்த வரி நினைவிருந்தது. இரண்டாம் பக்கம், மேலிருந்து நாலாவது வரி. 'தந்தை 1913 வாக்கில் குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றார்.' பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் யாரோ ஒரு அதிகாரி எழுதி வைத்திருந்ததைப் பார்த்துத் தட்டச்சு செய்தது.

"நான்தான்."

"கோர்ட்டுல நீதிபதி படிச்சாரு. மொழிபெயர்க்கிற ஆளு என் காதுல சொன்னான். இருபது பேரு இருந்தாங்க. மூணு வருஷமா இந்தத் தெருவுல யார்கிட்டயும் நான் சொல்லல." துணியை ஒரு விரலால் இழுத்துச் சரிசெய்தாள். "பள்ளிக்கூடத்துல கேட்ட. போலீஸ்ல கேட்ட. சாமியார்கிட்ட கேட்ட. நான் உன் வீட்டுக்கு நாலு கட்டடம் தள்ளி இருக்கேன். என்கிட்ட கேட்டியா?"

"நீங்க சொல்லியிருக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்."

"சொல்லியிருக்க மாட்டேன்தான். கதவை உன் மூக்குல சாத்தியிருப்பேன். அது வேற. நீ வந்து தட்டியிருக்கணும்ல?"

அவன் தோளிலிருந்த பையை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"என் புருஷன் விச்சென்சோ ஊருக்குப் போனது அவன் அம்மாவைக் கூட்டிட்டு வர," என்றாள். "பாலெர்மோவுல ரெண்டு பேரும் கப்பல் ஏறினாங்க. ஒம்பதாம் நாள் காய்ச்சல்ல போயிட்டான். கடல்லயே விட்டுட்டாங்க. மாமியா மட்டும் வந்து இறங்கினா. கையில அவன் கோட்டு. கோட்டு வந்துச்சு, ஆளு வரல." மூக்கை உறிஞ்சினாள். "கல்லறை இல்ல. அதனால சர்டிபிகேட் இல்ல. சர்டிபிகேட் இல்லேன்னா ஓடிப்போனவனாம். எந்தக் கழுதை எழுதினான் அதை?"

சாவேரியோவின் வீட்டில் வீத்தாவின் கோட்டும் கதவுக்குப் பின்னால் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"தப்பு," என்றான். "என் தப்புதான்."

"அது எனக்கே தெரியும். மாத்து."

கஸ்பாரே கைத்துண்டை உருவி மேசையில் போட்டான். "அம்மா, அந்த வரியைத் தொட வேண்டாம். அதாலதான் நாலு வருஷம் ரெண்டாச்சு. அப்பன் இல்லாம வளந்த பிள்ளைன்னு வக்கீலு அழுதே காட்டினாரு."

"அதனாலதான் வாயைத் திறக்காம நின்னியா? அவங்க இங்கிலீஷு உனக்குப் புரிஞ்சிருக்கு."

"புரிஞ்சுது. என்ன பண்ண? எந்திரிச்சி நின்னு, இல்ல சார், எங்கப்பா நல்லவரு, நான்தான் கெட்டவன்னு சொல்லவா?"

"சொல்லியிருக்கலாம். உண்மைதானே."

கஸ்பாரே சாவேரியோவைப் பார்த்தான். பார்த்தீர்களா என் நிலைமையை என்று கேட்கிற பார்வை. சாவேரியோவுக்கு ஒரு நிமிடம் சிரிப்பு வரும்போல இருந்தது.

"அது முடிஞ்ச வழக்கு, தோன்னா நின்ஃபா. எழுதினதை அடிக்க முடியாது."

"இவன் மாசாமாசம் உங்க ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடறானா இல்லையா?"

"போடறான்."

"அப்ப தாள் உயிரோடதானே இருக்கு?"

இருந்தது. கூடுதல் தாள் ஒன்று சேர்க்கலாம். அவன் அதை இதுவரை யாருக்கும் செய்ததில்லை. முடியாது என்றும் சொல்ல முடியவில்லை.

கஸ்பாரே உள்ளேபோய்க் காகிதமும் பேனாவும் கொண்டுவந்தான். உட்காரக் கூடாதென்பதால் சாவேரியோ ஐஸ் பெட்டியின் மேல் தாளை வைத்து நின்றபடி எழுதினான். எழுதி, அவள் மொழியில் படித்துக் காட்டினான். நின்ஃபா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"கோட்டை விட்டுட்ட."

"கோட்டா?"

"நீலக் கோட்டு. போகும்போது வாங்கினது. கொம்பு பித்தான். ஓடிப்போறவன் எவனாவது அம்மாவைப் பாக்கப் போறதுக்குன்னு நல்ல கோட்டு வாங்குவானா? போடு அதை."

போட்டான்.

"பழைய தாள்ல ரெண்டு ரூம்ல இருந்தோம்னு எழுதியிருக்கியாமே. மூணு ரூம். மூணாவதுல ஜன்னல் கிடையாது, ஆனா ரூம்தான்."

"சரி. மூணு."

"என்னைப் பத்தி ஒண்ணு சொல்லட்டா?" என்றான் கஸ்பாரே. "எனக்குப் படிக்கவே வராதுன்னு எழுதியிருந்தீங்க. மெதுவா வரும். ஊர்லேர்ந்து வர்ற கடிதாசியெல்லாம் அம்மாவுக்கு நான்தான் படிப்பேன்."

"லாரியைப் பத்தி ஏதாவது மாத்தணுமா?"

"லாரி சரியாத்தான் இருக்கு. தப்பில்ல."

நின்ஃபா அடியில் ஒரு சிலுவை போட்டாள். சாட்சிக்குக் கஸ்பாரே கையெழுத்திட்டான். "உங்க ஆபீசுல என் கையெழுத்து நிறைய இருக்கு. ஒத்துப் பாத்துக்கலாம்," என்றான்.

பிறகு அவள் எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலியைக் கொஞ்சம் காட்டியபடியே எழுந்தாள். துணியை எடுத்தாள்.

"தினம் சலிச்சு சலிச்சுப் பாதியாப் போச்சு. இருக்கறதை எடுத்துக்க."

கிண்ணம் நிறைய இருந்தது. பைக்குள் அவளே கொட்டினாள். புகைபோல எழுந்த மாவு அவன் சட்டையில் படிந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஆறுக்குப் பத்து.

சாவேரியோ எலிசபெத் தெருவில் வெறுங்காலோடு ஓடினான். முப்பது வயது ஆள், கோர்ட்டு அதிகாரி, மார்போடு மாவுப் பையை அணைத்துக்கொண்டு. சலூன்காரர்கள் மறுபடியும் தொப்பியை எடுத்தார்கள். இந்தத் தடவை அவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாவு தொட்டியின் விளிம்புக்கு வந்திருந்தது. அக்குர்சியா கையைத் தூக்கியபடியே இருந்தாள். மாவு விரல்களில் காய்ந்து ஓடுபோல ஆகிவிட்டிருந்தது. வெனேரா வீட்டுக்குப் போகவே இல்லை. அவன் பையைக் கவிழ்த்தான். அக்குர்சியா இரண்டு கையாலும் அதைத் தொட்டி மாவோடு சேர்த்தாள். இரண்டு முறை அமுக்கினாள், மடித்தாள், மறுபடியும் அமுக்கினாள். பிறகு, "கொஞ்சம் தண்ணி ஊத்து," என்றாள்.

வியாழக்கிழமை மீன்காரர் சொன்னபடி மத்தி கொடுத்தார். ஷூ பாலிஷ் போடும் தாத்தா சூசையப்பராக வேஷம் கட்டினார். இரண்டு வீட்டில் தட்டி, இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, மூன்றாவதாகச் சாவேரியோவின் கதவைத் தட்டினார். வழக்கப்படி அவரும் அவர் குடும்பமாக வேஷம் கட்டிக் கூட வந்த இருவரும் முதலில் சாப்பிட்டார்கள். தாத்தா பசியில் தன் வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு மொச்சையை அள்ளினார். யாரும் குறை சொல்லவில்லை. பிறகு தெரு உள்ளே வந்தது. படியெல்லாம் ஆட்கள். பாதிரியாருக்குப் பக்கத்தில் கோழிக்காரன், அவனுக்குப் பக்கத்தில் அவன் பேச விரும்பாத ஆள், எல்லோர் தட்டிலும் ஒரே மாக்கரோனி. அதன்மேல் தச்சரின் மரத்தூள் என்று வறுத்த ரொட்டித் தூள்.

மேசை போடுகிறவன் உட்காரக் கூடாது. சாவேரியோ வெறுங்காலோடு பரிமாறிக்கொண்டே இருந்தான். தினா சூசையப்பரின் மடியில் ஏறி, ஒட்டுத்தாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது கையோடு வந்துவிட்டது. அக்குர்சியா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

நின்ஃபா மேசையின் நடுவில் உட்கார்ந்து வெனேராவுக்கும் நாலு பெண்களுக்கும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒம்பதாம் நாளு. கடல்ல. நீலக் கோட்டு, கொம்பு பித்தான். நான் சொல்லலடி, கவர்மெண்ட்டு தாள்ல இருக்கு. போய்ப் பாத்துக்க."

பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

கஸ்பாரே கடைசியில் வந்தான். தொப்பியைக் கையில் பிடித்தபடி இடம் தேடினான். சாவேரியோ ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, தட்டைக் கையில் கொடுத்தான்.

"காலைக் கழுவிட்டீங்களா டாக்டரே?"

"கழுவிட்டேன். வேணும்னா அதையும் ஒரு தாள்ல எழுதிச் சேத்துடறேன்."

கஸ்பாரே சிரித்தான். இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, மற்றவர்கள் காதில் விழாதபடி கேட்டான்.

"அடுத்த மாசம் கையெழுத்துப் போட வரும்போது, அந்தத் தாளை எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டுவீங்களா? எனக்கு அப்ப ஒம்பது வயசு. பாட்டி கோட்டோட வந்தது மட்டும்தான் தெரியும். கப்பல்ல என்ன ஆச்சுன்னு அம்மா என்கிட்ட சொன்னதே இல்ல. அன்னைக்கு உங்ககிட்டதான் சொன்னாங்க."

"வாங்க," என்றான் சாவேரியோ. "உக்காந்து நிதானமாப் படிப்போம்."

கஸ்பாரே தலையாட்டினான். "உப்பு கொஞ்சம் கம்மி," என்று சொல்லிவிட்டு வழித்துச் சாப்பிட்டான்.

அடுப்படியிலிருந்து அக்குர்சியா கூப்பிட்டாள். படியில் இன்னும் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். சாவேரியோ கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த தட்டை வாங்கப் போனான்.